சூனியக்காரி கடைசியில்தான் வந்தாள்

ஹாலோவீன் இரவின் பேய்கள் யாருடையவை? கூர்தொப்பிக்காரி எப்போது அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள்?

வேலியோரம் ஒரு முட்செடி. அதன் அடியில், நரிவளை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு பொந்து. அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில், துல்ஸ்க் கிராமத்துக்குப் பக்கத்தில், மாடு மேயும் வயலில் இருக்கிறது அது. குனிந்து நுழைய முடியாது. உட்கார்ந்து, காலை முன்னால் விட்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டுதான் இறங்கவேண்டும். இறங்கும்போது தலைக்கு மேல் விட்டமாகக் கிடக்கும் கல்லின் விளிம்பில் வெட்டு வெட்டாகக் கோடுகள் தெரியும். ஓகம் என்ற பழைய எழுத்து அது. 'மேவின் மகன் ஃப்ரேக்' என்று படிக்கிறார்கள். மேவ் அயர்லாந்துக் கதைகளின் ராணி. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் பொந்து விரிந்து, உயரமான சுண்ணாம்புப் பாறை இடுக்காகிறது. டார்ச்சை அணைத்துவிட்டால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே தெரியாது.

இதற்கு 'பூனைகளின் குகை' என்று பெயர். மத்தியகாலத்துக் கதை ஒன்று இதை அயர்லாந்தின் நரகவாசல் என்றே சொல்கிறது. இங்கிருந்து செந்நிறப் பறவைகள் கிளம்பி, மூச்சுப் பட்ட பயிரையெல்லாம் கருக்கினவாம். பன்றிக் கூட்டமும் வந்தது. அவை நடந்த மண்ணில் ஏழு வருஷம் எதுவும் முளைக்கவில்லை. எத்தனை பேர் எண்ணினாலும் கணக்கு ஒன்றுபோல வரவில்லை. போர்த்தெய்வம் மோரிகன் வாசம் செய்ததும் இங்கேதான். கதைகளில் இந்தக் கதவு முழுசாகத் திறப்பது வருஷத்தில் ஒரே ஓர் இரவு. அது அக்டோபர் 31.

இன்று அந்தத் தேதியில் சென்னை அடுக்ககங்களிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் பிள்ளைகள் கறுப்புத் தொப்பி, ஒட்டு மூக்கு, பிளாஸ்டிக் துடைப்பம் சகிதம் மிட்டாய் வாங்கக் கிளம்புகிறார்கள். 'இது நம்ம பண்டிகையா' என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை, 'குழந்தைங்க சந்தோஷம்தானே' என்று ஒரு சமாதானம். அந்தச் சண்டைக்குள் நாம் போகவேண்டாம். கேட்கவேண்டியது வேறு. அந்தக் குகையிலிருந்து பறவை வந்தது, பன்றி வந்தது, தெய்வம் வந்தது. கிழவி உருவங்களும் மந்திரக்காரிகளும் பழைய கதைகளில் உண்டு. சாத்தானோடு ஒப்பந்தம் போட்டுத் துடைப்பத்தில் பறக்கிற சூனியக்காரி மட்டும் அங்கே இல்லை. அவளை அழைத்து வந்தது யார்?

வேதாளத்தைச் சுமந்த நேரா

முதலில் அந்த இரவின் பெயர். எழுத்துக் கூட்டினால் 'சம்ஹைன்' என்று வரும். ஐரிஷ்காரர்கள் சொல்வது 'சௌவின்'. இன்றும் அவர்கள் மொழியில் நவம்பர் மாதத்துக்கு இதுதான் பெயர். கோடையில் மலை மேய்ச்சலுக்குப் போன மாடுகள் கீழே இறங்கும் காலம். குளிர்காலத் தீவனம் எத்தனை உருப்படிக்குத் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, மிஞ்சியதை அறுக்கும் காலம். களத்து வேலை முடிந்தது, இருட்டு நீள்கிறது. வாங்கின கடன், தரவேண்டிய வாடகை, கூலியாளின் ஒப்பந்தம் எல்லாம் இந்த நாளில் முடிந்து புதிதாகத் தொடங்கும்.

அந்த இரவைப் பற்றிய கதைகளில் எனக்குப் பிடித்தது நேராவின் கதை. பூனைக் குகை இருக்கும் அதே க்ருஆகன் கோட்டையில் அரசன் அலில் ஒரு பந்தயம் வைக்கிறான். முந்தின நாள் தூக்கிலிட்ட ஒருவனின் காலில் குச்சி வளையம் மாட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு. பலரும் போய்ப் பாதி வழியில் திரும்ப, நேரா மட்டும் மாட்டிவிடுகிறான். பிணம் பேசுகிறது. தாகமாயிருக்கிறது, தண்ணீர் காட்டு என்கிறது. நேரா அதை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். (விக்கிரமாதித்தன் நினைவுக்கு வந்தால் தப்பில்லை. உறவு ஏதும் இல்லை, ஒற்றுமை மட்டும்தான்.)

முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம். அந்த வீட்டில் அடுப்புத் தணலை ஒழுங்காக மூடி வைத்திருந்தார்கள். பிணம் நுழைய முடியவில்லை. இரண்டாம் வீட்டைச் சுற்றி நீர். அங்கே குளித்த தண்ணீரையும் கழுவின தண்ணீரையும் ராத்திரிக்கு முன்பே கொட்டிவிட்டிருந்தார்கள். மூன்றாம் வீட்டில் அழுக்குத் தண்ணீர் தொட்டியில் அப்படியே நின்றது. பிணம் குடித்தது, கடைசி வாயை வீட்டிலிருந்தவர்கள் முகத்தில் உமிழ்ந்தது, அத்தனை பேரும் செத்தார்கள். ஆகவே ராத்திரி அழுக்குத் தண்ணீர் வைக்காதீர்கள், அடுப்பைக் கவனிக்காமல் விடாதீர்கள் என்று கதை நடுவிலேயே நின்று சொல்கிறது. எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் படுக்காதே என்று சொன்ன பாட்டியின் குரல் இதில் கேட்கிறது.

நேரா திரும்பும்போது ஊர் எரிந்து கிடக்கிறது. பிறகு அவன் குகைக்குள் போகிறான். அங்கே ஒருத்தியைக் கல்யாணம் செய்து குடித்தனம் நடத்துகிறான். வெளியே தன் ஊர் எரிந்து கிடந்ததைப் பார்த்தானே, அது இன்னும் நடக்கவில்லை, அடுத்த சௌவினில் நடக்கப்போவது, போய் எச்சரி என்கிறாள் அவள். யார் நம்புவார்கள்? கோடையில் பூப்பதைக் கையோடு கொண்டு போ என்கிறாள். காட்டுப் பூண்டும் ப்ரிம்ரோஸ் பூவுமாக நேரா வெளியே வருகிறான். ஊரில் அடுப்பிலேற்றிய கொப்பரையை இன்னும் இறக்கவில்லை.

'நல்லவர்கள்' என்று சொல்

குகைக்குள்ளும் மண்மேடுகளுக்குள்ளும் குடியிருப்பவர்களை ஐரிஷில் 'ஈஸ் ஷீ' என்பார்கள், மேட்டு மக்கள். ஆங்கிலத்தில் ஃபேரி என்று எழுதியதால் சிறகு முளைத்த குட்டிப் பெண் நம் கண்முன் வந்துவிட்டாள். கிராமத்துக்காரர்கள் பயந்தது அவளுக்கு அல்ல. ஆளுயரம், பணக்காரத் தோரணை, மாட்டின் பாலை வற்றவைக்கும் கோபம், பிடித்துப்போன மனுஷரைத் தூக்கிக்கொண்டு போகும் ஆசை. அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. 'நல்லவர்கள்' என்றுதான் சொல்லவேண்டும். பாம்புக்கு 'நல்லது' என்றும், அம்மை போட்டால் 'அம்மா வந்திருக்கா' என்றும் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சௌவின் இரவில் இவர்கள் மேடு விட்டு மேடு குடிபெயர்வார்கள். வழியில் எதிர்ப்பட்டால் ஆபத்து. அதனால்தான் வேஷம். பயமுறுத்துவதற்காகப் போட்டது என்பதைவிட, அடையாளம் தெரியாமல் தப்பிப்பதற்காகப் போட்டது என்ற விளக்கமே ஊர்வழக்கில் அதிகம். வைக்கோல் முகமூடி, அப்பாவின் கோட்டைத் திருப்பிப் போட்டது, ஆண் பெண்ணாக, பெண் ஆணாக. குழந்தைக்கு உப்பு, கையில் இரும்பு. இந்த இரவுக்குப் பிறகு காட்டுப் பிளாக்பெர்ரி பழம் பறிக்கக்கூடாது, பூக்கா என்ற குதிரைப் பேய் அதன்மேல் துப்பிவிட்டுப் போயிருக்கும். குளிர் தொட்ட பழம் எப்படியும் புளித்துப் புழுத்துத்தான் போகும் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? 1937 முதல் 1939 வரை அயர்லாந்தின் சுமார் 5,000 பள்ளிக்கூடங்களில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். பாட்டி தாத்தாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா. 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்தார்கள். இன்றைக்கு ஹாலோவீன் பற்றி எழுதுகிற எல்லாருக்கும் அந்தப் பிள்ளைகளின் கையெழுத்துதான் கஜானா.

பெட்டிச் செய்தி: ரொட்டிக்குள் ஜாதகம்

ஹாலோவீன் இரவில் ஐரிஷ் வீடுகளில் திராட்சை போட்ட 'பார்ம்ப்ராக்' ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே சில பொருள்கள் ஒளிந்திருக்கும். உங்கள் துண்டில் மோதிரம் வந்தால் வருஷத்துக்குள் கல்யாணம். காசு வந்தால் பணம். கந்தல் துணி வந்தால் தரித்திரம். குச்சி வந்தால் தாம்பத்தியத்தில் அடி உதை. பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் இல்லை. கடைகளில் இன்றும் இந்த ரொட்டி கிடைக்கிறது. பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான் இருக்கும், பல்லுக்குக் கவனம்.

தேவாலயம் பறித்துக்கொண்டதா?

இந்தப் பண்டிகையைச் சர்ச் பறித்துக்கொண்டது என்பது இணையத்தில் வருஷா வருஷம் சுற்றும் வாக்கியம். ரோமில் போப் மூன்றாம் கிரிகோரி 8-ம் நூற்றாண்டில் எல்லாப் புனிதர்களுக்குமாக ஒரு வழிபாட்டு இடம் அமைத்தார். 835-ல் ஃப்ராங்கிய சாம்ராஜ்யம் முழுவதும் நவம்பர் 1 புனிதர் திருநாள் ஆனது. அதற்கு முந்தின மாலை 'ஹாலோஸ் ஈவ்', அதிலிருந்துதான் ஹாலோவீன். சௌவினை விழுங்கத்தான் இந்தத் தேதி என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. 800-ஐ ஒட்டிய அயர்லாந்துத் திருநாள் பட்டியலில் எல்லாப் புனிதர் நாள் ஏப்ரல் 20. நவம்பர் 1 என்ற வழக்கம் இங்கிலாந்து, ஜெர்மனிப் பக்கத்தில்தான் முதலில் தெரிகிறது என்று வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் சுட்டிக்காட்டினார். சௌவின் கெல்ட் மக்களின் புத்தாண்டு என்பதும் 19-ம் நூற்றாண்டில் ஜான் ரிஸ் என்ற வெல்ஷ் அறிஞர் பரப்பிய ஊகம்தான்.

பறித்தார்களோ இல்லையோ, அடுத்தடுத்த நாள்கள் ஒட்டிக்கொண்டன. க்ளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ 11-ம் நூற்றாண்டையொட்டி நவம்பர் 2-ஐ இறந்த எல்லா ஆன்மாக்களுக்கும் ஒதுக்கினார். நம் ஊர் கத்தோலிக்கர்கள் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் அதுவேதான். கூர்தொப்பி வருவதற்கு வெகு முன்பே இந்தப் பருவத்தின் ஒரு பாதி தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. இங்கிலாந்தில் அன்றைக்கு ஏழைகள் வீடுவீடாகப் போய், இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி 'ஆன்மா கேக்' வாங்கினார்கள். மிட்டாய் வசூலுக்கு அதுவும் ஒரு மூதாதை.

கிழங்கு பூசணியான கதை

மேயோ மாவட்டத்து டர்லோ பார்க்கில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு முகம் இருக்கிறது. டோனிகல் மாவட்டத்து ஃபின்டவுன் ஊரிலிருந்து 1943-ல் வந்த டர்னிப் கிழங்கு விளக்கின் அச்சு. பள்ளம் விழுந்த கண், நெரித்த பல், வற்றிப்போன தோல். குழந்தை பொம்மை என்று யாரும் சொல்லமாட்டார்கள், சுருங்கின மண்டையோடு மாதிரி இருக்கும். ஆரஞ்சு நிறத்தில் சிரிக்கும் அமெரிக்கப் பூசணிக்கு இதுதான் பாட்டன்.

1845-ல் உருளைக்கிழங்கு அழுகியது. அடுத்த ஏழு வருஷத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சத்துக்கு மேல் கப்பலேறினார்கள். போன இடத்தில் கல்லுபோன்ற டர்னிப்பைக் குடைவதைவிடப் பூசணியைக் குடைவது சுலபமாயிருந்தது. கதவைத் தட்டி மிட்டாய் கேட்கும்போது சொல்லும் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' வட அமெரிக்காவில் பிறந்தது, 1920-களின் கனடா செய்தித்தாள்களில் தென்படுகிறது. அமெரிக்கர்கள் 2023-ல் ஹாலோவீனுக்குச் செலவிடுவார்கள் என்று அந்நாட்டுச் சில்லறை வணிகர் சங்கம் போட்ட கணக்கு 1,220 கோடி டாலர். பசியால் ஊரைவிட்டு ஓடியவர்கள் மூட்டையில் கொண்டுபோனது இது.

மோர்சிங் வாசித்த பெண்

இப்போது அவளிடம் வருவோம்.

1589 இலையுதிர்காலம். ஸ்காட்லாந்தின் இளம் அரசன் ஆறாம் ஜேம்ஸ், டென்மார்க் இளவரசி ஆனுக்காகக் காத்திருக்கிறான். புயல் அவள் கப்பல்களை நார்வேக்குத் திருப்பி அடிக்கிறது. பொறுக்காமல் தானே கடல் தாண்டிப் போய் அங்கேயே மணம் முடித்து, 1590 மே மாதம் அவளோடு ஊர் திரும்புகிறான். அந்தப் புயலுக்கு யார் காரணம்? டென்மார்க்கில் சூனிய வழக்குகள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன.

எடின்பரோவுக்குக் கிழக்கே ட்ரனென்ட் ஊரில் டேவிட் சீட்டன் என்ற அதிகாரியின் வீட்டு வேலைக்காரி கெய்லிஸ் டங்கன். நோயாளிகளுக்குக் கை வைத்தியம் பார்ப்பாள், சில இரவுகளில் வீட்டில் இருக்கமாட்டாள். எஜமானனுக்குச் சந்தேகம் வந்தது. விரல்களை இரும்புத் திருகில் வைத்து நசுக்கினான். தலையில் கயிற்றைச் சுற்றி முறுக்கினான். அவள் பெயர்களைச் சொன்னாள். அதில் ஒருத்தி ஆக்னஸ் சாம்ப்சன், வயசான மருத்துவச்சி. அவளை அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள், அரசனே உட்கார்ந்து விசாரித்தான். உடம்பிலிருந்த மயிர் முழுவதையும் மழித்தார்கள், சாத்தானின் அடையாளம் தேடி. தூங்கவிடவில்லை, தலையில் கயிறு.

அதன்பிறகு வந்த வாக்குமூலத்தில்தான் அந்தத் தேதி இருக்கிறது. புனிதர் திருநாளுக்கு முந்தின இரவு, இருநூறு பேர் சல்லடைகளில் ஏறிக் கடலில் போனார்கள். நார்த் பெரிக் தேவாலயத்தில் சாத்தான் காத்திருந்தான். கெய்லிஸ் முன்னால் நடந்து இசை வாசிக்க எல்லாரும் ஆடினார்கள். வாசித்தது பல்லிடுக்கில் வைத்து விரலால் தட்டும் வாத்தியம், நம் கச்சேரி மேடையின் மோர்சிங் வகை. அரசனுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. விரல் நசுக்கப்பட்ட அந்தப் பெண்ணை வரவழைத்து, அதே பாட்டைத் தன் முன்னால் வாசிக்கச் சொன்னான். வாசித்தாள்.

1591 ஜனவரியில் ஆக்னஸைக் கழுத்தை நெரித்து எரித்தார்கள். டிசம்பரில் கெய்லிஸை. சாவதற்கு முன் கெய்லிஸ், தான் மாட்டிவிட்ட இரண்டு பெண்களைப் பற்றிச் சொன்னது பொய் என்றாள். அவர்களில் யூஃபேம் மெக்கால்சியன் அதே வருஷம் ஜூனிலேயே உயிரோடு எரிக்கப்பட்டிருந்தாள்.

வழக்கு முடிந்தது, கதை முடியவில்லை. 1591-லேயே அது லண்டனில் படத்தோடு சிறு பிரசுரமாக விற்றது. அரசன் 1597-ல் பேயியல் பற்றித் தானே ஒரு நூல் எழுதினான். பிறகு இங்கிலாந்து அரசனுமானான். அவன் காலத்தில் அரங்கேறிய 'மேக்பெத்' நாடகத்துச் சூனியக்காரியும் சல்லடையில்தான் கடல் தாண்டுவதாகப் பேசுகிறாள். 1785-ல் ராபர்ட் பர்ன்ஸ் 'ஹாலோவீன்' கவிதை எழுதியபோது, சூனியக்காரிகள் ஊர்சுற்றும் இரவு இது என்பது குறிப்பெழுதிச் சொல்லும் அளவுக்கு ஊர்ப்பேச்சாகியிருந்தது. 1900-க்குப் பிறகு அமெரிக்காவில் பரவிய வாழ்த்து அட்டைகள் அவளுக்குத் தொப்பியும் பூனையும் நிலாவும் கொடுத்தன. பச்சைத் தோலை 1939-ல் வண்ணப்படமான 'விசர்ட் ஆஃப் ஆஸ்' கொடுத்தது.

சௌவினுக்கும் சூனியக்காரிக்கும் முடிச்சு போட்டவர்கள் வேறு எத்தனை பேரோ, நான் இதில் ஒரு பக்கம் சாய்கிறேன்: இந்த முடிச்சில் கயிறு இருந்தது, அது கெய்லிஸின் தலையைச் சுற்றி இருந்தது.

பெட்டிச் செய்தி: எண்களில்

ஸ்காட்லாந்தில் சூனியச் சட்டம் அமலில் இருந்தது 1563 முதல் 1736 வரை. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வில் பெயர் தெரிந்தும் தெரியாமலும் குற்றம்சாட்டப்பட்டவர்கள் 3,837. இவர்களில் 84 சதவீதம் பெண்கள். கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 2,500 என்பது பொதுவான மதிப்பீடு. அயர்லாந்தில் இத்தகைய வழக்குகள் மிகக் குறைவு. அங்கே முதலில் எரிக்கப்பட்டவள், கில்கென்னி நகரில் ஆலிஸ் கைட்லரின் பணிப்பெண் பெட்ரோனிலா. தேதி 1324 நவம்பர் 3.

'நீ பிரிட்ஜெட்தானா?'

அப்படியானால் அயர்லாந்தின் 'நல்லவர்கள்' யாரையும் கொல்லவில்லையா? 1895 மார்ச், டிப்பரரி மாவட்டத்து பாலிவாட்லி. பிரிட்ஜெட் க்ளியரிக்கு வயது 26. தையல்காரி, சொந்த மெஷின் உண்டு. கோழி வளர்த்து முட்டை விற்றுக் கையில் காசு வைத்திருந்தாள். காய்ச்சலில் படுத்தாள். படுத்திருப்பது தன் மனைவி அல்ல, மேட்டு மக்கள் அவளைத் தூக்கிக்கொண்டு மாற்றுருவை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று கணவன் மைக்கேலுக்கு நிச்சயமாகிவிட்டது. உறவினர்கள் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, பச்சிலையைப் பாலில் காய்ச்சி வாயில் ஊற்றினார்கள். கடவுள் சாட்சியாக நீ பிரிட்ஜெட்தானா என்று மூன்று முறை கேட்டார்கள். அவள் ஆமாம் என்றுதான் சொன்னாள். மறுநாள் இரவு விளக்குக்கு ஊற்றும் பாரஃபினை அவள்மேல் ஊற்றி எரித்தான் கணவன். பிறகு கறுப்புப் பிடிக் கத்தியோடு பக்கத்து மண்கோட்டையில் காத்திருந்தான். நிஜ பிரிட்ஜெட் வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டை அறுத்தால் மீண்டுவிடுவாள் என்று நம்பினான். வந்தது போலீஸ். மரணம் விளைவித்த குற்றத்துக்கு 20 வருஷத் தண்டனை, 15 வருஷம் உள்ளே இருந்தான்.

கதையும் உயிரும் உரசிக்கொள்ளும் இடம் இது. திருவிழாக் குழுக்கள் இதை மேடையேற்றுவது அரிது. ஐரிஷ் சுற்றுலாத் துறையின் பூக்கா திருவிழா மீத் மாவட்டத்தில் 2019-ல் தொடங்கியது. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1980-களின் நடுவில் ஹாலோவீன் கேளிக்கை நடந்த மதுக்கடைக்கு வெடிகுண்டு மிரட்டல் வர, வேஷம் போட்டவர்கள் தெருவுக்கு வந்து அங்கேயே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இன்று அது ஐரோப்பாவின் பெரிய ஹாலோவீன் விழாக்களில் ஒன்று. துப்பாக்கிகள் திரிந்த ஊருக்குப் பேய்வேஷம் ஆறுதலாக இருந்ததில் வியப்பில்லை.

ஸ்காட்லாந்து வேறு வழியில் போனது. வழக்கறிஞர் க்ளேர் மிட்செலும் எழுத்தாளர் ஸோயி வெண்டிடோசியும் நடத்திய இயக்கம் அரசு மன்னிப்புக் கோரவேண்டும் என்று கேட்டது, 2022 மார்ச் 8 அன்று அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அரசு சார்பில் மன்னிப்புக் கோரினார். 300 வருஷம் கழித்து எதற்கு என்று கேட்டவர்களுக்கு, 2021-ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை சூனியக் குற்றச்சாட்டு வன்முறைக்கு எதிராகப் போட்ட தீர்மானமே பதில். நம் நாட்டிலேயே பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும், பின்னர் வேறு மாநிலங்களும் இதற்கென்று தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. அங்கேயும் குற்றம்சாட்டப்படுவது பெரும்பாலும் தனித்து வாழும் பெண், பெரும்பாலும் பின்னால் ஒரு துண்டு நிலம்.

அலைக்குக் கீழே

ஃபைஃப் கடற்கரையில் டாரிபர்ன் என்று ஓர் ஊர். அலை வற்றும் நேரத்தில் மட்டும் அங்கே சேற்றில் பாசி படிந்த ஒரு பெரிய பலகைக்கல் தெரியும். லிலியஸ் அடி என்ற கிழவி அங்கே புதைக்கப்பட்டாள். 1704-ல் சூனியக் குற்றம், விசாரணை, தண்டனைக்கு முன்பே சிறையில் சாவு. எழுந்து வந்துவிடுவாளோ என்று பயந்து, நிலமும் அல்லாத கடலும் அல்லாத இடத்தில் குழி தோண்டி, மேலே கல்லைப் போட்டார்கள். 1852-ல் பழம்பொருள் ஆர்வலர்கள் தோண்டினார்கள். சவப்பெட்டிப் பலகையில் செய்த கைத்தடி ஒன்று தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகிக்குப் போனது. மண்டையோடு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் போய், 1938-ல் க்ளாஸ்கோ பொருட்காட்சியில் நின்று, பிறகு காணாமல் போனது. பழைய புகைப்படங்களை வைத்து 2017-ல் டண்டீ பல்கலைக்கழகத்தில் அவள் முகத்தைக் கணினியில் மீட்டார்கள். சுருக்கம் விழுந்த, சாதாரணப் பாட்டி முகம்.

விசாரணையில் அவளிடமும் பெயர்கள் கேட்டார்கள். கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? லிலியஸ் கூட்டம் நடந்தது என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் ஏற்கெனவே தெரிந்த பெயர்களைத் தவிர வேறு யாரையும் அடையாளம் சொல்ல முடியாது என்றாள். மற்றவர்கள் எல்லாரும் முகமூடி போட்டிருந்தார்களாம்.